எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்சக்கரக் கேம்பர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே உள்ளன. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான லோட்டஸ் 7-இன் பாணியில் பட்டறையில் கட்டிய இருவர் கார், வாங்கிச் சீர்படுத்திய பழைய பந்தய வண்டி, பொறியியல் மாணவர்கள் ஃபார்முலா பாரத் போட்டிக்காக உருவாக்கும் ஒற்றை இருக்கை வண்டி என வகைகள் வேறுபட்டாலும், உரிமையாளர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆயிரம் கிலோவுக்கு உட்பட்ட எடையும் பின்சக்கர இயக்கமும் கொண்டு, பெரும்பாலும் சாலையிலும் எப்போதாவது சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தய ஓடுதளத்திலும் ஓடும் கார்களை மனத்தில் வைத்தே கீழுள்ள விடைகள் எழுதப்பட்டுள்ளன.

கேம்பர் என்பது என்ன? பின்சக்கரத்துக்கு அதை ஏன் தனியாகப் பேச வேண்டும்?

காரைப் பின்னாலிருந்து நேராகப் பார்க்கும்போது சக்கரம் செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே கேம்பர். சக்கரத்தின் மேல்பகுதி காரின் உட்புறமாகச் சாய்ந்திருந்தால் அது மைனஸ் கேம்பர். வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தால் பிளஸ் கேம்பர். வளைவில் திரும்பும்போது உடற்பகுதி வெளிப்புறமாகச் சரிவதால், எடையின் பெரும்பகுதியைத் தாங்கும் வெளிச்சக்கரமும் அதனுடன் சேர்ந்து வெளியே சாயப் பார்க்கும். அதை ஈடுகட்டுவதற்காகவே நிற்கும் நிலையில் சிறிது மைனஸ் கேம்பர் கொடுத்து வைக்கிறோம்.

முன்சக்கரத்தில் ஸ்டீயரிங் திருப்பப்படும்போது கேஸ்டர் கோணத்தின் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஸ்டீயரிங் அச்சு சாய்ந்திருக்கும் அளவு) உதவியால் கேம்பர் ஓரளவு தானாகவே கூடும். பின்சக்கரத்துக்கு அந்த உதவி கிடையாது. மேலும், பின்சக்கர இயக்கக் காரில் என்ஜினின் இழுவிசை முழுவதும் அந்த இரண்டு டயர்களின் வழியாகத்தான் தரைக்குச் செல்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எடை பின்னோக்கி நகர்ந்து பின்பகுதி தாழ்வதால், பெரும்பாலான சஸ்பென்ஷன்களில் மைனஸ் கேம்பர் மேலும் கூடிவிடுகிறது. வளைவுக்கு வேண்டியதும் நேர்ச்சாலைக்கு வேண்டியதும் இங்கே ஒன்றையொன்று எதிர்க்கின்றன.

கார் எடை குறைந்ததாக இருப்பதால் கணக்கு எந்த வகையில் மாறுகிறது?

மூன்று வகைகளில் மாறுகிறது. எடையும் புவியீர்ப்பு மையத்தின் உயரமும் குறைவாக இருப்பதால் வளைவில் கார் குறைவாகவே சரிகிறது. ஆகவே ஈடுகட்ட வேண்டிய கோணமும் குறைவு. அடுத்து, டயரின் பக்கச்சுவர் மீது விழும் சுமை குறைவாக இருப்பதால் அது மடங்கி உருள்வதும் குறைகிறது. மூன்றாவதாக, எடை குறைந்த கார் டயரை எளிதில் சூடாக்குவதில்லை. கேம்பரை மிகுதியாக வைத்துவிட்டால் டயரின் உள்விளிம்பு மட்டும் வேலைசெய்து சூடேற, மீதி ரப்பர் இளஞ்சூட்டிலேயே நின்றுவிடும்.

இதனுடன் அகலமான டயர் போடும் ஆசையும் சேர்ந்துகொண்டால் சிக்கல் பெரிதாகும். அகலமான, பக்கச்சுவர் குட்டையான டயருக்குக் கேம்பர் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை குறைவு. எழுநூறு கிலோ காருக்கு 225 அகல டயர் எதற்கு என்று கேட்டால், "பார்க்க நன்றாக இருக்கிறது" என்பதைத் தவிர வேறு விடை நான் கேட்டதில்லை.

சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள்: எத்தனை டிகிரி வைக்க வேண்டும்?

ரேடியல் டயர் போட்டு, சாலையில் மட்டும் ஓட்டும் காருக்குப் பின்புறம் மைனஸ் 1.0 முதல் மைனஸ் 1.5 வரை போதும். சாலையிலும் இடையிடையே ஓடுதளத்திலும் ஓட்டுவதானால் மைனஸ் 1.5 முதல் மைனஸ் 2.0 வரை. டிரெய்லரில் ஏற்றிச் சென்று, மென்மையான பந்தய ரப்பருடன் ஓடுதளத்தில் மட்டும் ஓட்டும் காரில் மைனஸ் 2.0-இல் தொடங்கி, டயர் சொல்வதைக் கேட்டு மேலே போகலாம். இழைகள் குறுக்குமறுக்காக அமைந்த பழைய கிராஸ்பிளை டயர் பூட்டிய வண்டிக்கு இந்த எண்கள் பொருந்தா. அதற்கு ஏறத்தாழ பூஜ்யத்திலிருந்து மைனஸ் 1.0-க்குள் வைப்பதே நல்லது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. 1996-இல் வந்த முதல் லோட்டஸ் எலிஸ் ஏறத்தாழ 725 கிலோ எடை கொண்டது. என்ஜின் நடுவில், பின்சக்கர அச்சுக்கு முன்னே இருக்கும். அதற்குத் தொழிற்சாலை வைத்த பின்புறக் கேம்பர் ஏறத்தாழ மைனஸ் 1.8; முன்புறம் ஏறத்தாழ பூஜ்யம். பின் டயர் 205, முன் டயர் 185 அகலம். இந்த ஏற்பாட்டின் நோக்கம் வேகம் மட்டுமன்று. வளைவின் நடுவில் ஓட்டுநர் பதறி ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால்கூடப் பின்பகுதி சுழன்று வெளியே வராமல் முன்சக்கரம் முதலில் வழுக்க வேண்டும் என்பதும்தான்.

மைனஸ் 3 வைத்திருப்பதாகச் சிலர் சொல்கிறார்களே?

அவர்களுடைய டயரும் ஸ்பிரிங்கும் ஓடுதளமும் உங்களுடையவை அல்ல. ஓடுதளத்துக்கு எப்படிப் போகிறீர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், சிங்கப்பெருமாள்கோயில், ஒரகடம் வழியாக இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்வர முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அங்குள்ள முழுச்சுற்றின் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், இருபது சுற்று ஓட்டினாலும் 74 கிலோமீட்டர்தான். அதாவது, அந்த நாளின் பயணத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நேர்ச்சாலை. மைனஸ் 3 வைத்துக்கொண்டு அந்தத் தூரத்தைக் கடந்தால், டயரின் உள்விளிம்பு தேசிய நெடுஞ்சாலையிலேயே வீணாகத் தேயும்.

முன்புறத்தை முதலில் தீர்மானிப்பதா, பின்புறத்தையா?

பின்புறத்தைத்தான். என் கருத்து இதில் உறுதியானது. பின்சக்கரங்கள் எவ்வளவு பிடிக்க முடியுமோ அவ்வளவு பிடிக்கும்படி கேம்பரையும் டோவையும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) முதலில் நிலைப்படுத்திவிட்டு, காரின் நடத்தையை முன்சக்கரத்திலோ, கார் சரிவதைக் குறைக்கும் குறுக்குக்கம்பியான ஆன்டி-ரோல் பாரிலோ சரிக்கட்ட வேண்டும். கார் திரும்ப மறுக்கிறது என்பதற்காகப் பின்புறக் கேம்பரைக் குறைத்து, பின்பிடியைக் கெடுத்து, அதன்மூலம் சமநிலை கண்டுபிடிப்பது தலைகீழான வழி. அப்படிச் செய்த கார் காய்ந்த தரையில் சரியாக ஓடுவதுபோலத் தோன்றும். ஈரத்தரையில் எச்சரிக்கையே இல்லாமல் பின்பகுதி வழுக்கிவிடும்.

பின்சக்கர இயக்கம் கொண்ட சிறிய இருவர் காரான மாஸ்டா எம்.எக்ஸ்.5-இன் உரிமையாளர்களிடையே உலகெங்கும் பழக்கத்தில் உள்ள ஒரு விதி, சாலை ஓட்டத்துக்குப் பின்புறத்தில் முன்புறத்தைவிட ஏறத்தாழ அரை டிகிரி அதிக மைனஸ் கேம்பர் வைப்பது. முன்புறம் மைனஸ் 1.0 என்றால் பின்புறம் மைனஸ் 1.5. ஓட்டத்தில் தேர்ச்சி கூடக்கூட முன்புறத்தை மெல்லக் கூட்டி இந்த இடைவெளியைக் குறைக்கலாம். பின்புறத்தை அசைக்க வேண்டியதில்லை.

டோவுக்கும் கேம்பருக்கும் என்ன தொடர்பு?

மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கி இருந்தால் டோ-இன், விலகி இருந்தால் டோ-அவுட். பின்சக்கர இயக்கக் காரின் பின்புறத்தில் டோ-அவுட் கூடவே கூடாது. ரிம் விளிம்பில் அளந்தால், ஒவ்வொரு பக்கமும் 1 முதல் 1.5 மி.மீ. டோ-இன் பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும்.

கேம்பரைத் தொட்டால் டோவும் நகரும். எம்.எக்ஸ்.5-இல் பின்சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மின் உள்முனையில், ஒரு சக்கரத்துக்கு இரண்டு என, மையம் விலகிய போல்ட்டுகள் உள்ளன. இரண்டையும் ஒரே அளவு திருப்பினால் ஆர்ம் முழுவதும் உள்ளேயோ வெளியேயோ நகர்ந்து கேம்பர் மாறும். ஒன்றை மட்டும் திருப்பினால் டோவும் மாறும். எனவே முதலில் கேம்பர், பிறகு டோ, மறுபடி கேம்பர் என்ற வரிசையில் சரிபார்க்க வேண்டும்.

இடது, வலது டோ சமமாக இல்லையென்றால் பின்சக்கரங்கள் காரை ஒரு பக்கமாகத் தள்ளும். கார் நண்டு நடையில் போகும். ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடித்தே நேராக ஓட்ட வேண்டியிருக்கும். இந்தக் குறையைப் பலர் முன்சக்கரத்தில் தேடிக் காலத்தை வீணாக்குகிறார்கள்.

எல்லாக் கார்களிலும் பின்புறக் கேம்பரை மாற்ற முடியுமா?

முடியாது. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே திடமான அச்சில் இணைந்திருந்தால் கேம்பர் ஏறத்தாழ பூஜ்யம். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு காற்றழுத்தத்தில் கவனம் செலுத்துங்கள். லோட்டஸ் 7 வடிவில் தயாராகும் கேட்டர்ஹாம் கார்கள் பலவற்றில் உள்ள டி டியான் வகையிலும் இரு சக்கரங்களும் ஒரு குழாயால் இணைக்கப்பட்டிருப்பதால் கார் சரிந்தாலும் கேம்பர் மாறாது. கொஞ்சம் மைனஸ் வேண்டுமென்றால் குழாயின் முனைத்தட்டில் ஆப்புபோல் கடைந்த ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைக்க வேண்டும். வளைவில் கேம்பர் நழுவாது என்பதால் இவ்வகைக்குச் சிறு கோணமே போதும்.

இரட்டை விஷ்போன் வகையும் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் தாங்குவது) ஸ்ட்ரட் வகையும் (கீழே கையும் மேலே ஷாக் அப்சார்பர் தண்டும் தாங்குவது) வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. கார் 2 டிகிரி சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். விஷ்போன் அமைப்பு அதில் 60 விழுக்காட்டைத் தானே மீட்டுக்கொடுக்குமானால் வெளிச்சக்கரம் இழப்பது 0.8 டிகிரி, மைனஸ் 1.5-இல் தொடங்கியது மைனஸ் 0.7-இல் நிற்கும். ஸ்ட்ரட் அமைப்பு 30 விழுக்காடு மட்டுமே மீட்குமானால் இழப்பு 1.4 டிகிரி, அதே மைனஸ் 1.5, ஏறத்தாழ பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒரே எடையுள்ள இரண்டு கார்களுக்கு ஒரே எண் பொருந்தாததன் காரணம் இதுதான். சதவீதங்கள் இங்கே விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் காரின் மதிப்பை, ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைப் பத்துப்பத்து மி.மீ. ஆக உயர்த்தி அளந்து நீங்களே கண்டுகொள்ளலாம்.

ஸ்விங் ஆக்சில் என்பது தனிக்கதை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் முந்தைய மாடல்கள், போர்ஷ 356, டிரையம்ப் ஸ்பிட்ஃபயரின் முதல் மாடல்கள் ஆகியவற்றில் அச்சின் இருபாதிகளும் கியர்பாக்ஸ் அல்லது டிஃபரன்ஷியல் அருகில் மட்டும் மடங்கும். வேகமான வளைவில் பின்பகுதி தூக்கப்பட்டால், வெளிச்சக்கரம் வயிற்றுக்கடியில் மடிந்து திடீரென்று பிளஸ் கேம்பருக்குப் போய்விடும். இத்தகைய காரில் நிற்கும் நிலையில் மைனஸ் கேம்பர் இருக்கும்படி பின்பகுதியைச் சிறிது தாழ்த்தி வைப்பது பாதுகாப்புக்காகவே.

சக்கரத்தைத் தாங்கும் கை சாய்வான அச்சில் மடங்கும் செமி டிரெய்லிங் ஆர்ம் வகையில், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது கேம்பரும் டோவும் சேர்ந்தே மாறும். அதனால் மேலே சொன்ன எண்களில் குறைந்த ஓரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அலைன்மென்ட் கடையில் திரை முழுவதும் பச்சையாக வந்துவிட்டது. அது போதாதா?

போதாது. பச்சை நிறம், அளவு தொழிற்சாலை அனுமதித்த வரம்புக்குள் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. இடதுபுறம் மைனஸ் 0.8, வலதுபுறம் மைனஸ் 1.7 என்று இருந்தாலும் வரம்பு அகலமாக இருந்தால் இரண்டும் பச்சையாகவே தெரியும். ஆனால் அந்தக் கார் இடப்பக்க வளைவில் ஒருமாதிரியும் வலப்பக்க வளைவில் வேறுமாதிரியும் நடந்துகொள்ளும். பின்புறத்தில் இரு பக்கங்களுக்கும் இடையே கால் டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்று கேளுங்கள். எண்கள் அச்சிட்ட தாளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பல கடைகளில் முன்புற டோவை மட்டும் சரிசெய்துவிட்டு, "பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது சார்" என்று சொல்லிவிடுவார்கள். அன்றாடம் வரும் சிறிய கார்களுக்கு அது உண்மையும்கூட. உங்கள் காரில் சரிசெய்யும் போல்ட்டோ ஷிம்மோ எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கூட்டம் குறைவான காலைநேரத்தில் சென்று, முன்கூட்டியே பேசி, கூடுதல் நேரத்துக்கான கூலியையும் கொடுத்துவிடுவது இருவருக்கும் நல்லது.

கடைக்குப் போகாமல் வீட்டிலேயே அளக்க முடியுமா?

தாராளமாக முடியும், கொத்தனாரின் கருவிகளே போதும். முதல் வேலை தரைமட்டம். ட்யூப் மட்டத்தைக் கொண்டு நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்கள் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று பாருங்கள். சக்கரங்களுக்கு இடையே 1,400 மி.மீ. இருக்கும் காரில், ஒரு பக்கம் 10 மி.மீ. தாழ்ந்திருந்தால் கார் முழுவதும் ஏறத்தாழ 0.4 டிகிரி சாய்ந்திருக்கும். அப்போது ஒரு பக்கம் 0.4 கூடுதலாகவும் மறுபக்கம் 0.4 குறைவாகவும் காட்டும்; சரியாக இருக்கும் காரில் 0.8 டிகிரி வேறுபாடு இருப்பதாக நினைத்துக் கெடுத்துவிடுவீர்கள். வெளியே இருக்கும் வாசல்தரைகள் பெரும்பாலும் மழைநீர் வடிவதற்காகச் சாய்வாகவே போடப்பட்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தாழ்ந்த பக்கத்துக்குத் தரைஓடுகளை அடுக்கி மட்டம் கொண்டுவரலாம்.

அடுத்து, ஒவ்வொரு பின்சக்கரத்தின் அடியிலும் இரண்டு தடித்த பாலித்தீன் தாள்களை, நடுவே கிரீஸ் தடவி வையுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய காரின் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் தன் இயல்பு நிலைக்கு வரவிடாது. கிரீஸ் அதை விடுவிக்கும். பின்பகுதியைச் சில முறை அழுத்தி விடுங்கள்.

பிறகு பெட்ரோல் டாங்க் பாதியளவு இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடான சுமையை வையுங்கள். 25 கிலோ அரிசி மூட்டை மூன்று வைத்தால் 75 கிலோ ஆகிவிடும். பெரிய காரில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 700 கிலோ காரில் ஓட்டுநர் என்பவர் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு. அவர் ஏறினால் வலதுபக்கம் கண்ணுக்குத் தெரியும்படி தாழும்.

இப்போது தூக்குக்குண்டின் நூலை, சக்கரத்தின் மையத்துக்கு நேரே, டயரின் புடைப்பில் படாமல் சற்று விலகித் தொங்கும்படி பிடியுங்கள். நூலிலிருந்து ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள தூரங்களை இரும்பு அளவுகோலால் அளந்து, வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அளந்த இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒவ்வொரு 100 மி.மீ. உயரத்துக்கும் 1.75 மி.மீ. வேறுபாடு என்றால் அது ஒரு டிகிரி. புள்ளிகளுக்கு இடையே 400 மி.மீ. இருந்தால் ஒரு டிகிரிக்கு 7 மி.மீ.; 10.5 மி.மீ. வேறுபாடு மைனஸ் 1.5 டிகிரி. ரிம் நெளிந்திருக்கக்கூடும் என்பதால் காரை உருட்டிச் சக்கரத்தை அரைச்சுற்றுத் திருப்பி, மறுபடி அளந்து, இரண்டின் சராசரியை எடுங்கள். கடற்காற்று நூலை ஆட்டும். குண்டை ஒரு கிண்ணத் தண்ணீரில் மூழ்கவிட்டால் ஆட்டம் அடங்கிவிடும். அரை மி.மீ. வரை துல்லியமாக அளக்கப் பழகினால், பிழை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்கும்.

வைத்த எண் சரிதானா என்று டயரைப் பார்த்து எப்படி அறிவது?

ஓடுதளத்தில் வேகமாகச் சில சுற்று ஓட்டி, குளிர்விக்கும் சுற்று எதுவும் போடாமல் நேரே பிட்டுக்குள் (ஓடுதளத்தை ஒட்டிய வண்டி நிறுத்துமிடம்) வந்து, ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களில் வெப்பநிலையை அளக்க வேண்டும். ரப்பருக்குள் சில மி.மீ. இறங்கும் ஊசிமுனை வெப்பமானியே நம்பகமானது. அகச்சிவப்புத் துப்பாக்கி மேற்பரப்பை மட்டும் பார்க்கும். மேற்பரப்பு நொடிக்கு நொடி ஆறிக்கொண்டிருக்கும்.

உள்ளே 78, நடுவே 74, வெளியே 70 டிகிரி செல்சியஸ் என்று வந்தால் மகிழ்ச்சியடையலாம்; உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட 5 முதல் 10 டிகிரி வரை கூடுதலாக இருப்பது இயல்பு. உள்ளே 85, வெளியே 66 என்றால் கேம்பர் மிகுதி. வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடச் சூடாக இருந்தால் மைனஸ் போதவில்லை. நடுப்பகுதி மட்டும் இரண்டையும் மிஞ்சினால் குறை கேம்பரில் இல்லை, காற்று அதிகம். ஒருமுறைக்குக் கால் டிகிரிக்கு மேல் மாற்ற வேண்டாம். காற்றழுத்தத்தையும் கேம்பரையும் ஒரே நேரத்தில் மாற்றவும் வேண்டாம்.

வெப்பமானி இல்லாதவர்கள் டயரின் தோள்பகுதியில், பக்கச்சுவரும் தரைபடும் ரப்பரும் சந்திக்கும் இடத்தில், சாக்பீஸால் குறுக்குக்கோடு போட்டு ஓட்டிப் பார்க்கலாம். பின் டயரின் வெளித்தோளில் கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்கி உருள்கிறது என்று பொருள். கோடு முழுமையாக, தொடப்படாமலே இருந்தால் வெளிப்பகுதி வேலைசெய்யவில்லை.

இந்தச் சோதனைகளைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செய்து பார்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. காலாப்பட்டிலும் கோட்டக்குப்பத்திலும் சாலையைக் கடப்பவர்கள் உங்கள் டயர் வெப்பத்துக்குப் பொறுப்பல்லர். மேலும், பாதுகாப்பான வேகத்தில் ஓட்டிய டயரில் அளப்பதற்கு ஒன்றும் இருக்காது.

காற்றழுத்தம் இதில் எவ்வளவு முக்கியம்?

மிக முக்கியம். முதல் தலைமுறை எம்.எக்ஸ்.5-க்குத் தொழிற்சாலை சொன்ன அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் 26 பி.எஸ்.ஐ. நம் பெட்ரோல் பங்கில் கேட்காமலே 32 அல்லது 35 அடித்துவிடுவது பழக்கம். எடை குறைந்த காரில் அந்த அழுத்தம் டயரின் நடுப்பகுதியைப் புடைக்கச் செய்யும்; அதன்பிறகு எந்தக் கேம்பரும் சரியாக அமையாது. அழுத்தமானி ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பின் டயர்கள் உள்பக்கம் மட்டும் தேய்கின்றன. கேம்பரைக் குறைத்துவிடலாமா?

முதலில் டோவைச் சரிபாருங்கள். மைனஸ் 1.5 டிகிரி கேம்பர் மட்டும் டயரை அவ்வளவு விரைவாகத் தின்பதில்லை. பிழையான டோ தின்னும். உள்விளிம்பில் உள்ளங்கையை வைத்துக் குறுக்காக, உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் அரம்போல் பிசிறாகவும் இருந்தால் டயர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. அது டோவின் அடையாளம். இரு திசையிலும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் கேம்பரைப் பற்றிப் பேசலாம்.

போல்ட்டு அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

கடலோரத்தில் வாழ்வதற்கு நாம் கொடுக்கும் வரி அது. ரப்பர் புஷ்ஷின் நடுவே இருக்கும் இரும்புக்குழலுக்கும் அதன் வழியே செல்லும் போல்ட்டுக்கும் இடையே உப்பீரம் புகுந்து, இரண்டும் துருவால் ஒன்றாகிவிடும். நட்டு கழன்றுவிடும், போல்ட்டு மட்டும் திரும்பாது. நீளமான கம்பியைப் போட்டு வலுவாகத் திருப்பினால் புஷ்ஷின் ரப்பர்தான் முறுக்கிக் கிழியும். திரும்பியதுபோலத் தோன்றிய போல்ட்டு, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வரும். இதைக் கவனிக்காமல் அலைன்மென்ட் முடிந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

துரு இளக்கும் எண்ணெயைச் சில நாள்கள் முன்னதாகவே தொடர்ந்து அடித்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் புஷ்ஷின் இருபுறமும் போல்ட்டை அறுத்து, புதிய புஷ்ஷும் போல்ட்டும் போடுவதே வழி. புதியதைப் பூட்டும்போது தண்டில் காப்பர் கிரீஸ் தடவுங்கள். ஆண்டுக்கொரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், குறியிட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டையும் தளர்த்திச் சிறிது அசைத்து, மறுபடி அதே குறியில் இறுக்கிவிட்டால் மீண்டும் பிடித்துக்கொள்ளாது. கடைசி இறுக்கத்தைக் கார் தன் சக்கரங்களில் நிற்கும்போதே செய்ய வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால், இறக்கியதும் புஷ் முறுக்கேறிய நிலையிலேயே நின்று விரைவில் கிழியும். காரின் உயரமும் மாறும்.

காரைத் தாழ்த்தினால் மைனஸ் கேம்பர் தானாக வந்துவிடும் அல்லவா?

வரும். ஆனால் எவ்வளவு வரும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. டோவும் கூடவே நகர்ந்திருக்கும். கேம்பருக்காகக் காரைத் தாழ்த்தாதீர்கள். நம் ஊர் வேகத்தடைகளின் உயரத்தைப் பார்த்துக் கார் உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த உயரத்தில் கேம்பரைச் சரிசெய்யுங்கள்.

மழைக்காலத்துக்கு மாற்ற வேண்டுமா?

சாலைக் காருக்கு வேண்டாம். ஈரத்தில் கார் குறைவாகச் சரியும் என்பதால் குறைந்த கேம்பர் போதும் என்பது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன வரம்புக்குள் இருந்தால் அந்த வேறுபாட்டை நீங்கள் உணரப்போவதில்லை. அந்த நேரத்தை டயர்ப் பள்ளத்தின் ஆழத்தை, குறிப்பாக உள்விளிம்பில், அளப்பதில் செலவிடுங்கள்.

என் கார் முன்சக்கர இயக்கம். இவை பொருந்துமா?

அளக்கும் முறைகள் பொருந்தும், எண்கள் பொருந்தா. முன்சக்கர இயக்கக் காரில் பின்சக்கரத்துக்கு இழுவை வேலை இல்லை. அங்கே கார் எளிதாகத் திரும்புவதற்காகப் பின்பிடியைச் சிறிது விட்டுக்கொடுப்பது வழக்கம். நம் ஊரில் அத்தகைய கார்கள் பலவற்றில் பின்புறம் டார்ஷன் பீம் (இரு சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குச்சட்டம்) என்பதால், ஷிம் வைத்தாலன்றி மாற்றவும் முடியாது.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்?

பெரிய பள்ளத்தில் விழுந்தாலோ, சஸ்பென்ஷனில் எதையாவது கழற்றிப் பூட்டினாலோ உடனே பாருங்கள். மற்றபடி ஓடுதளத்துக்குப் புறப்படும் முன்னும் வந்த பின்னும் தூக்குக்குண்டு அளவை எடுத்து ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். அளப்பதற்கு முன், தூக்கிய சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பாருங்கள். பேரிங்கிலோ பால் ஜாயின்டிலோ ஆட்டம் இருந்தால் அதை மாற்றிய பிறகே அளவெடுக்க வேண்டும். ஒரு பக்கத்து எண் மட்டும் மெல்ல மாறிக்கொண்டே வந்தால், அந்தப் பக்கத்துப் புஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள்.